ரொம்ப வருஷம் கழிச்சு பாவசங்கீர்த்தனம் போறீங்களா? பழசை எவ்ளோ சொல்லணும்

பெரம்பூர் லூர்து மாதா கோயில் வாசல் வரைக்கும் வந்துட்டு, 12 வருஷப் பாவக் கதையை ஃபாதர்கிட்ட எப்படிடா சொல்லி மன்னிப்பு கேக்கறதுன்னு பயந்து திரும்பிப் போனவன் நான், அதுவும் ரெண்டு தடவை. அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல ஆத்தும சோதனை, அதாவது என்னென்ன பாவம் செஞ்சோம்னு நம்மளையே கேட்டுப் பாக்கறது. முந்தின நாள் ராத்திரியே பத்துக் கட்டளையையும் ஒண்ணொண்ணா வெச்சு யோசிங்க. விஷயம் கனமானது, தப்புன்னு நல்லாத் தெரியும், தெரிஞ்சே முழு மனசோட செஞ்சது, இந்த மூணும் சேந்தாதான் சாவான பாவம். அதை ஒண்ணு விடாம சொல்லணும். அந்த அளவுக்குப் போகாத சின்னச் சின்ன அற்ப பாவத்தை சொல்றது நல்லது, கட்டாயம் இல்ல.

ரெண்டாவது, சொல்ற விதம், நிறைய பேரு தடுமாறறது இங்கதான். என்ன பாவம், எத்தனை தடவை, அவ்ளோதான். 1551ல திரிதெந்தின் சங்கம், அதாவது ஆயர்கள் கூடின திருச்சபைப் பொதுக்கூட்டம், சொன்னது, இன்னிக்கும் திருச்சபை சட்டம் 988ல இருக்கு. காசிமேட்டுல மீன் யாவாரம் பண்றவருன்னா, "எடையில ஏமாத்தினேன் ஃபாதர், நாலு வருஷமா, வாரத்துல ரெண்டு மூணு நாள்"னா போதும், எண்ணிக்கை உத்தேசமா இருந்தாலும் பரவால்ல, எந்த கஸ்டமர், கூட நின்ன கூட்டாளி யாரு எதுவும் வேணாம், அடுத்தவங்க பேரை எடுக்கவே எடுக்காதீங்க. ஆனா பாவத்தோட தன்மையே மாறுதுன்னா சொல்லணும்: திருடினது கோயில் உண்டியல்ல இருந்துன்னா, "திருடினேன்"னு மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது.

மறந்துபோனதும் மத்ததோட சேந்தே மன்னிக்கப்படுது, பின்னாடி ஞாபகம் வந்தா அடுத்த தடவை சொல்லிடுங்க. வெக்கப்பட்டு வேணும்னே ஒரு சாவான பாவத்தை மறைச்சா எதுக்குமே பாவப்பொறுத்தல் கிடைக்காது, அந்த மறைச்சதும் ஒரு பாவமா சேரும். பயப்படாதீங்க, கேட்டதை ஃபாதர் உசுரே போனாலும் வெளிய சொல்லக் கூடாது.

ஏற்கனவே சொல்லி மன்னிப்பு வாங்கினதை திரும்பச் சொல்லணும்னு அவசியமே இல்ல. எங்க ஆயா ஒவ்வொரு தவக்காலமும் கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச ஒரே தப்பை அழுதுகிட்டே சொல்வாங்களாம், ஒரு ஃபாதர் "அது எப்பவோ தீந்துபோச்சும்மா, சாமி மறுபடி கணக்கு கேக்க மாட்டாரு"ன்னாராம். அதை என்கிட்ட சொல்றப்போ ஆயா முந்தானையை வாயில வெச்சுகிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

உள்ள போனதும் முட்டி போட்டு, "கடைசியா பாவசங்கீர்த்தனம் பண்ணி இத்தனை வருஷம் ஆச்சு ஃபாதர்"னு ஆரம்பிங்க, இருக்கறதுலயே பெரிய பாவத்தை முதல்ல சொல்லிடுங்க, மத்தது தானா வரும். பாவத்துக்கு வருத்தப்பட்டு சொல்ற உத்தம மனஸ்தாப ஜெபம் மறந்துபோச்சுன்னா கேளுங்க, கூடவே சொல்லித் தருவாரு. பாவத்துக்குப் பரிகாரமா செய்யச் சொல்லி ஃபாதர் குடுத்த அபராதத்தை (பெரும்பாலும் ஜெபம்தான்) வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்னு விடாம, கோயில் பெஞ்சுலயே உக்காந்து முடிச்சுட்டு எந்திரிங்க.