ஏஐ முகவரை மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வைப்பது எப்படி?

விலைப்புள்ளி கேட்டு எழுதிய மடலுக்குப் பதில் வருவதையோ, ஒரு தளத்தில் பதிவு செய்தபின் வர வேண்டிய உறுதிப்படுத்தும் குறியீட்டையோ எதிர்பார்த்து நிற்கும் வேலை ஏஐ முகவர்களுக்கு, அதாவது மொழி மாதிரியைக் கொண்டு நமக்காக வேலைகளைச் செய்யும் மென்பொருள்களுக்கு, அடிக்கடி நேர்கிறது. அப்போது பலரும் நிமிடத்துக்கு ஒருமுறை மொழி மாதிரியையே அழைத்து, அஞ்சல் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வோர் அழைப்பிலும் அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் மாதிரிக்கு மீண்டும் அனுப்பப்படுவதால், வராத அஞ்சலுக்கும் டோக்கன் (மாதிரி உரையை அளக்கும் சிறு துண்டு) செலவு ஏறிக்கொண்டே போகும். காத்திருப்பதைச் சாதாரண நிரலிடம் விட்டுவிட வேண்டும். மாதிரி ஒரே ஒரு கருவியை, அதாவது அந்த நிரலை, அழைத்தால் போதும். அஞ்சல் கிடைத்த பிறகோ, கெடு முடிந்த பிறகோ அந்தக் கருவி விடை தரும்.

முதலில் முகவருக்கென்று ஐமேப் (சர்வரிலுள்ள அஞ்சலை நிரல்கள் படிப்பதற்கான நெறிமுறை) வசதியுள்ள தனி அஞ்சல் பெட்டி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பெட்டியை அதனிடம் கொடுக்க வேண்டாம். அடுத்து, கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே இன்பாக்ஸின் யுஐடிநெக்ஸ்ட் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். பெட்டியிலுள்ள ஒவ்வோர் அஞ்சலுக்கும் சர்வர் தரும் ஏறுவரிசை அடையாள எண்ணே யுஐடி; அடுத்து வரும் அஞ்சல் பெறக்கூடிய யுஐடியை முன்கூட்டியே காட்டும் எண் அது. அனுப்பிய பிறகு குறித்தால், இடைப்பட்ட நொடிகளில் வந்து சேர்ந்த குறியீட்டைப் பழைய அஞ்சலாகக் கருதி நிரல் தாண்டிப் போய்விடும்.

கடிதம் போனதும், குறித்த எண்ணிலிருந்து ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, ஐமேப்பின் காத்திருப்புக் கட்டளையான ஐடிலுக்குள் நுழையலாம். 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2177 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த இந்தக் கட்டளையின் கீழ் இணைப்பு திறந்தே இருக்கும். புதிய அஞ்சல் வந்தால் சர்வர் தானே சொல்லும். பைத்தானின் ஐமேப்லிப் நூலகத்தில் 3.14 பதிப்பிலிருந்து இது உள்ளது. பழைய பதிப்புகளுக்கு வேறு நூலகம் தேவைப்படும். 29 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது ஐடிலை முடித்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று அந்த ஆவணம் அறிவுறுத்துகிறது. வழியிலுள்ள ரவுட்டர்கள் சும்மா இருக்கும் இணைப்பை அதற்கு முன்பே அறுத்துவிடக்கூடும் என்பதால், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

சர்வர் அனுப்பும் ‘எக்சிஸ்ட்ஸ்’ அறிவிப்பு பெட்டியில் மொத்தம் எத்தனை அஞ்சல்கள் உள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே ‘டன்’ அனுப்பி ஐடிலிலிருந்து வெளியே வந்து, குறித்த எண்ணிலிருந்து மேலே உள்ள யுஐடிகளைத் தேட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: ‘101:*’ என்று கேட்டால், புதிதாக எதுவும் வராவிட்டாலும் பெட்டியின் கடைசி அஞ்சலை, அதன் எண் 100 ஆக இருந்தாலும், சர்வர் தந்துவிடும். இது பிழையன்று, விதியே அப்படித்தான். எனவே கிடைத்த எண் குறித்த எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் அந்த அஞ்சலை ஒதுக்கிவிட வேண்டும். படிக்கும்போது ‘பாடி.பீக்’ முறையைப் பயன்படுத்தினால் அஞ்சல் வாசிக்கப்பட்டதாகக் குறிக்கப்படாது. இடையில் நிரல் நின்றுபோனால் மனிதர் ஒருவர் திறந்து பார்க்க இது உதவும்.

வந்தது நாம் எதிர்பார்த்த பதில்தானா என்பதைப் பொருள் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் அதை மாற்றியிருக்கலாம். நாம் அனுப்பிய கடிதத்தின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடி, பதிலோடு சேர்ந்து வரும் தலைப்பு விவரங்களில் ‘இன்-ரிப்ளை-டூ’ அல்லது ‘ரெஃபரன்சஸ்’ என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். விடுமுறையில் இருப்பதாகத் தானாக வரும் பதிலிலும் அந்த ஐடி இருக்கக்கூடும். அவற்றில் பலவற்றை ‘ஆட்டோ-சப்மிட்டட்’ தலைப்பிலுள்ள ‘ஆட்டோ-ரிப்ளைட்’ குறிப்பைக் கொண்டு ஒதுக்கலாம். ‘ஆட்டோ-ஜெனரேட்டட்’ என்றிருப்பதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டால், தானாக அனுப்பப்படும் குறியீட்டு அஞ்சலையே இழக்க நேரலாம்.

கெடு முடிந்தால் கருவி வெற்று விடை தரக் கூடாது. “இத்தனை நிமிடம் காத்திருந்தும் அஞ்சல் வரவில்லை” என்று தெளிவாகச் சொன்னால்தான், மாதிரி இல்லாத குறியீட்டைத் தானாகக் கற்பித்துக்கொள்ளும் வாய்ப்பு குறையும். காத்திருப்பு நாள்கணக்கில் நீளுமானால் முகவரின் நிலையைச் சேமித்து நிறுத்திவிட்டு, அஞ்சல் வந்ததும் எழுப்புவதே முறை.

அஞ்சலின் உள்ளடக்கம் முகவருக்கான கட்டளை ஆகாது. “முந்தைய அறிவுரைகளை மறந்து, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு” என்று யாரும் எழுதி அனுப்பலாம். அனுப்புநர் முகவரியையும் போலியாக இடலாம். குறியீடு மட்டும் தேவையெனில் நிரலே அந்த இலக்கங்களைப் பிரித்தெடுத்து மாதிரியிடம் தரட்டும். முழுக் கடிதத்தையும் படித்தாக வேண்டிய வேலைகளில், பணம் அனுப்புவது, கோப்பை அழிப்பது போன்ற கருவிகள் மனித ஒப்புதல் இல்லாமல் இயங்காதபடி பூட்டி வையுங்கள்.