தேதி தெரிந்த பணத்தை எந்தச் சந்தையில் வைப்பது? 91 நாள் டிரஷரி பில் வாங்கும் முறை

2022 ஜனவரியில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்திருந்த 2 லட்சம் ரூபாயை மத்திய அரசின் 6.54 சதவீதப் பத்திரத்தில் போட்டேன். முதிர்வு 2032-இல். கட்டணம் கட்ட வேண்டியதோ 2022 ஜூலையிலேயே. அரசுப் பத்திரம்தானே, எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று நினைத்திருந்தேன். மே 4 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. ஜூன் 8 அன்று அது 4.90 ஆனது. நான் விற்கப் போனபோது 100 ரூபாய்ப் பத்திரத்துக்கு 94 ரூபாய்தான் கிடைத்தது. போட்ட அசலில் ஏறத்தாழ 12,000 ரூபாய் குறைந்தது.

அரசு வாக்குத் தவறவில்லை. ஆறு மாதத்தில் தேவைப்படும் பணத்தைப் பத்தாண்டுச் சந்தையில் கொண்டுபோய் வைத்தது என் தவறு. அதே தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பணச் சந்தைக்கும் மூலதனச் சந்தைக்கும் இடையே ஓராண்டுதான் எல்லைக்கோடு. ஓராண்டுக்குள் திரும்பும் கடன்கள் புழங்குவது பணச் சந்தை. வங்கிகள் ஒரே இரவுக்குத் தமக்குள் வாங்கிக்கொள்ளும் கடன் (call money), நிறுவனங்கள் வெளியிடும் குறுகியகாலக் கடன் பத்திரமான கமர்ஷியல் பேப்பர், அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் டிரஷரி பில் எல்லாம் இங்கேதான். அதற்கு மேற்பட்ட காலத்துக்கான பத்திரங்களும், முதிர்வுத் தேதியே இல்லாத பங்குகளும் மூலதனச் சந்தையைச் சேர்ந்தவை. சாலை போடவும் ஆலை கட்டவும் அங்கே பணம் திரட்டுகிறார்கள். சம்பளம் கொடுக்கவும் சரக்கு வாங்கவும் வேண்டிய பணத்துக்குப் பணச் சந்தைக்கு வருகிறார்கள்.

படி 1: தேதியை எழுதுங்கள்

பணம் எந்த நாளில் வேண்டும்? அதைத் தாளில் எழுதிய பிறகே மற்றவை. டிரஷரி பில்கள் 91, 182, 364 நாட்களுக்கு வருகின்றன. இவை சரியாக 13, 26, 52 வாரங்கள். ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை. பில் நம் கணக்குக்கு வருவது வியாழக்கிழமை. முதிர்வதும் ஒரு வியாழக்கிழமை. கட்டணத் தேதிக்கு முந்தைய வாரத்து வியாழனைப் பிடித்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

படி 2: கணக்கு

தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க உதவும் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் இணையதளத்தில் (2021 நவம்பரில் தொடங்கியது) கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண், மின்னஞ்சல் போதும்.

படி 3: ஏலத்தில் சேருங்கள்

குறைந்தது 10,000 ரூபாய். அதன் மடங்குகளில் கேட்கலாம். நீங்கள் விலை சொல்ல வேண்டியதில்லை. வங்கிகளும் முதன்மை வணிகர்களும் (அரசுப் பத்திரங்களை வாங்கி விற்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிறுவனங்கள்) விலை கூறிப் போட்டியிடுவார்கள். வெற்றி பெற்ற விலைகளின் எடையிட்ட சராசரி (பெரிய தொகைக்குக் கேட்ட விலைக்கு அதிக எடை தரும் சராசரி) நமக்கு விலையாக வரும். செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பத்தை முடித்துவிடுவது என் வழக்கம்.

படி 4: கணக்குப் போட்டுப் பாருங்கள்

நான் அதிக நேரம் தடுமாறிய இடம் இது. டிரஷரி பில்லுக்கு வட்டி என்று தனியாக ஒன்று வராது. தள்ளுபடி விலையில் வாங்குகிறோம், முகமதிப்பைத் திரும்பப் பெறுகிறோம். 100 ரூபாய் பில்லின் விலை 98.40 என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் பில்லுக்கு 9,840 கொடுக்கிறீர்கள். 91 நாள் கழித்து 10,000 வருகிறது. லாபம் 160.

ஆனால் ஏல முடிவில் 6.52 சதவீதம் என்று போட்டிருக்கும். 10,000-க்கு 652 வர வேண்டாமா என்று முதல் முறை நான் பதறினேன். அது ஓராண்டுக்குச் சொல்லப்படும் விகிதம். 160-ஐ 9,840-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 91-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள்: 6.52. வகுக்க வேண்டியது நாம் கொடுத்த 9,840-ஆல், 10,000-ஆல் அல்ல. இணையத்தில் இதற்கான கணிப்பான்கள் நிறைய உண்டு. முதல் இரண்டு முறையாவது கையால் போடுங்கள் என்பேன். விலைக்கும் விகிதத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் மனத்தில் பதியும்.

பதிந்துவிட்டால் என் 2022 இழப்பும் உங்களுக்கு விளங்கும். சந்தை விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறுகிறது என்று கொள்ளுங்கள். 98.40 விலையுள்ள 91 நாள் பில் 98.16-க்கு இறங்கும். 24 பைசா, முதிர்வு வரை பொறுத்தால் அதுவும் இழப்பில்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் பத்தாண்டுப் பத்திரம் அதே ஏற்றத்தில் 100-இலிருந்து 93.20-க்கு வரும். நாற்பதாண்டுப் பத்திரம் என்றால் 88. புதிதாக வருபவர் 8 சதவீதம் பெறும்போது உங்கள் 7 சதவீதத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? இன்னும் எத்தனை ஆண்டு அந்தக் குறைந்த வட்டியைச் சுமக்க வேண்டுமோ, விலை அந்த அளவுக்கு விழுகிறது. விகிதம் இறங்கினால் இதே கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். பத்தாண்டு காத்திருக்க முடிந்தவருக்கு மூலதனச் சந்தை நல்ல இடம்தான்.

நிறுவனங்களும் இதே கல்லில் இடறியிருக்கின்றன. நீண்டகாலக் கட்டுமானத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம், குறுகியகாலக் கடனையும் பெரிதும் நம்பியிருந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கிடைக்காதபோது, 2018-இல் அதன் கமர்ஷியல் பேப்பர்களுக்கான பணத்தைக் குறித்த நாளில் தர முடியவில்லை. அவற்றை வாங்கியிருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் (பணச் சந்தையில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டுகள்) மதிப்பும் சரிந்தது. தேதி உறுதியாகத் தெரிந்த பணத்துக்கு லிக்விட் ஃபண்டைவிட டிரஷரி பில்லையே நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம். தேதி தெரியாத அவசரப் பணத்துக்கு வங்கிச் சேமிப்புக் கணக்கே மேல்.

பின்சேர்க்கை 1: செலுத்திய தொகை ஏல விலையைவிடக் கூடுதலாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். முடிவு விலை முன்கூட்டித் தெரியாததால் சற்றுக் கூட்டியே வாங்குகிறார்கள். மிச்சம் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை 2: இடையில் விற்க முடியுமா? தளத்தின் இரண்டாம் நிலைச் சந்தையில், அதாவது ஏற்கெனவே வெளியான பத்திரங்களை முதலீட்டாளர்கள் விற்று வாங்கும் இடத்தில், முடியும். ஆனால் சிறு தொகைக்கு நாம் நினைக்கும் விலையில் வாங்குபவர் உடனே கிடைப்பார் என்று எண்ண வேண்டாம்.

பின்சேர்க்கை 3: 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, டிரஷரி பில் முதலீட்டைத் தானாகவே தொடரும் வசதியை அறிவித்தது. முதிர்ந்த பணத்தை மறுபடி பில்லில் போட இது உதவும். கட்டணத்துக்கு முந்தைய கடைசி பில்லுக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கட்ட வேண்டிய பணம் இன்னொரு 13 வாரம் உள்ளே இருந்துவிடும்.