பள்ளிப் பெற்றோர் குழுவின் வரிவிலக்கு: கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் பி.டி.ஓ. எனும் பெற்றோர்-ஆசிரியர் குழுவின் பொறுப்பை ஏற்கும் பெற்றோர் பலர், "நமக்குத்தான் ஈ.ஐ.என். இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று இருந்துவிடுகிறார்கள். ஈ.ஐ.என். என்பது ஐ.ஆர்.எஸ். எனும் மத்திய வரித்துறை தரும் வெறும் அடையாள எண். லாபத்துக்கு நடத்தும் கடைக்கும் அது கிடைக்கும். பொதுநல அமைப்புகளுக்கான 501(சி)(3) வரிவிலக்கு வேறு. பள்ளியின் எண்ணை இரவல் வாங்கிக் கணக்கு திறப்பது இன்னும் மோசம். குழுவின் பணம் எது, பள்ளியின் பணம் எது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

பி.டி.ஏ. என்ற நாடளாவிய பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் கிளைகள் பொதுவாகத் தங்கள் மேலமைப்பின் கூட்டு விலக்குக்குள் வந்துவிடும். தனித்து இயங்கும் பி.டி.ஓ.தான் சொந்தமாக விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு வரவு வழக்கமாக 5,000 டாலருக்குள் இருந்தால் விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் ஓரளவு நன்றாக நடந்த ஒரே விழாவில் அந்த வரம்பு தாண்டிவிடும். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் இருக்கும் பெரும்பாலான குழுக்களுக்கு 1023-ஈஇஸட் என்ற சுருக்கப் படிவமே போதும்; கட்டணம் 275 டாலர். குழு தொடங்கி 27 மாதங்களுக்குள் அனுப்பினால், குழு தொடங்கிய நாளிலிருந்தே விலக்கு செல்லும். அனுப்புமுன் அமைப்பு ஆவணத்தைப் பாருங்கள். குழு கலைந்தால் மிச்சப் பணம் இன்னொரு பொதுநல வேலைக்கே போகும் என்ற ஏற்பாடு அதில் இருக்க வேண்டும்.

நல்ல மனதோடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு: பிள்ளைக்குப் பிள்ளை தனிக் கணக்கு. "என் மகள் விற்ற சாக்லேட்டின் லாபம் அவளுடைய டூர் செலவில் கழியட்டும், விற்காதவர்கள் முழுப் பணம் கட்டட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் பொதுநல அமைப்பு தன் உறுப்பினர்களுக்கே லாபம் பங்கிட்டது போல ஆகிறது. கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பெற்றோர் கிளப் இதே முறையில், நிதி திரட்டிய பெற்றோருக்குப் புள்ளிகள் கொடுத்து அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்தது. அதன் வரிவிலக்கை ஐ.ஆர்.எஸ். ரத்து செய்தது சரிதான் என்று 2013-இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசூல் முழுவதும் பொதுவில் சேர வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் செலவும் ஒரே அளவில் குறைய வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துக்குக் கூடுதலாக உதவலாம், ஆனால் அது தேவையைப் பார்த்துத் தரவேண்டிய உதவி. யார் எத்தனை பெட்டி விற்றார்கள் என்பது அங்கே கணக்கில் வரக்கூடாது.

ரசீது விஷயத்தில் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். 250 டாலரும் அதற்கு மேலும் தருபவருக்கு எழுத்துப்பூர்வ ரசீது வேண்டும். 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு விருந்தோ பொருளோ கொடுத்தால், அதன் மதிப்பு எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். ராஃபிள் எனும் பரிசுக் குலுக்கல் சீட்டுக்குக் கொடுத்த பணம் நன்கொடையே ஆகாது. மாநில விற்பனை வரி தனி. மத்திய விலக்குக் கடிதத்தைக் காட்டினால் மட்டும் அது போய்விடாது. பள்ளி வாரியத் தேர்தலில் வேட்பாளர் யாருக்கும் குழுவின் பெயரில் ஆதரவு கேட்கக்கூடாது, அவர் நம் பள்ளிக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

என்னைக் கேட்டால், அதிகக் குழுக்களைக் கவிழ்ப்பது பொறுப்பு கைமாறும் நேரம்தான். வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் குழு ஆண்டுதோறும் 990-என் என்ற சின்ன மின்படிவத்தை அனுப்ப வேண்டும். ஜூன் 30-இல் கணக்கு முடிந்தால் கெடு நவம்பர் 15. பெயர், முகவரி, பொறுப்பாளர் போன்ற சில விவரங்கள்தான். தாமதித்தால் அபராதம் இல்லாததால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஐ.ஆர்.எஸ். நினைவூட்டி அனுப்பும் கடிதம் பழைய பொருளாளர் வீட்டுக்குப் போகும், அவர் பிள்ளையோ எப்போதோ பள்ளி மாறியிருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டுப்போனால் விலக்கு தானாகவே ரத்து. ஐ.ஆர்.எஸ். வெளியிடும் ரத்துப் பட்டியலில் பெயர் வந்தபின் தரும் பணத்துக்கு நன்கொடையாளர் வரிக்கழிவு கோர முடியாது; அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் அந்த நன்கொடைக்கு ஈடாகத் தன் பங்குக்குத் தரும் தொகையும் நின்றுபோகலாம்.

எனவே குழுவின் முகவரியாகப் பள்ளி முகவரியையே கொடுங்கள். பொறுப்பாளர் மாறிய 60 நாட்களுக்குள் 8822-பி படிவத்தை அனுப்புங்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் வரிவிலக்கு அமைப்புகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. இன்றே உங்கள் ஈ.ஐ.என்.ஐ அதில் போட்டுப் பாருங்கள். ரத்துப் பட்டியலில் பெயர் இருந்தால் 15 மாதங்களுக்குள் மறுபடி விண்ணப்பியுங்கள். இதற்குமுன் இப்படி ரத்தாகாத சிறு குழு என்றால், ரத்தான நாளிலிருந்தே விலக்கைத் திரும்பப் பெறும் எளிய வழி அந்தக் கெடுவுக்குள்தான் இருக்கிறது.