பழைய ஐரோப்பிய கூபே படமா? கிரில்லை விட்டுவிட்டுப் பாருங்கள்

அரிதான பழைய கூபே (கூரை பின்னால் சரியும் இரண்டு கதவுக் கார்) ஒன்றின் படம் கண்ணில் பட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது முன்னால் இருக்கும் சின்னத்தை. என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பாருங்கள். சின்னத்தையும் கிரில்லையும் (முன்பக்கக் காற்று வலை) கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம், கூரையின் வளைவையும் பக்க ஜன்னலின் வடிவத்தையும் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் பிஎம்டபிள்யூ 1600 ஜிடி. முன்னால் பிஎம்டபிள்யூவின் இரட்டைக் கிரில், பின்னால் பிஎம்டபிள்யூவின் வட்ட விளக்குகள், ஆனால் உடம்பு முழுக்க கிளாஸ் ஜிடி. இத்தாலிய வடிவமைப்பாளர் பியெத்ரோ ஃப்ருவா, கிளாஸ் என்ற சிறிய ஜெர்மன் கம்பெனிக்காக வரைந்த கார் அது. 1966-ல் கிளாஸை பிஎம்டபிள்யூ வாங்கியபோது காரும் கூடவே வந்தது.

அதனால் முதல் கேள்வி, பாடி கட்டியது யார் என்பதுதான். 1950, 60களில் ஒரு கம்பெனி சேசிஸும் (காரின் அடிச்சட்டம்) எஞ்சினும் கொடுக்கும், பாடியை வேறொருவர் கட்டுவார். லான்சியா ஃப்ளமீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கூபேக்களை பினின்ஃபரினா, டூரிங், ஜகாட்டோ என்று மூன்று பேர் கட்டினார்கள், மூன்றும் மூன்று விதம். கூரையில் ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒன்றும் பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேல் ஒன்றுமாக இரண்டு மேடுகள் தெரிந்தால் உடனே ஜகாட்டோவை நினையுங்கள். பானட்டில் ‘சூப்பர்லெஜெரா’ என்று சாய்வெழுத்தில் இருந்தால் டூரிங் பக்கம் போகலாம். முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக ஒரு குட்டிச் சின்னம் இருக்கிறதா என்றும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாடி கட்டியவரின் முத்திரை பல கார்களில் அங்கேதான் இருக்கும்.

ஒரே கை வரைந்த இரண்டு கார்கள் அண்ணன் தம்பி போல இருப்பதும் உண்டு. இத்தாலியின் மசராட்டி மிஸ்ட்ரால், பிரிட்டனின் ஏசி கம்பெனி செய்த 428 இரண்டுமே ஃப்ருவாவின் கைவண்ணம், பக்கவாட்டில் எடுத்த படத்தில் தேர்ந்த கண்ணே ஏமாந்துபோகும். ஒன்றில் இத்தாலிய ஆறு சிலிண்டர் எஞ்சின், மற்றதில் ஃபோர்டின் பெரிய வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), படத்தில் அது எங்கே தெரியப்போகிறது! இங்கேதான் சின்னம் உதவிக்கு வரும்.

அடுத்தது விளக்குகள். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். சிறிய கம்பெனிகளுக்குச் சொந்தமாக அச்சு செய்து விளக்கு வார்க்கக் கட்டுப்படியாகாது, அதனால் சாதாரண கார்களின் விளக்கையே வாங்கிப் பொருத்துவார்கள். லம்போர்கினி மியூராவின் ஹெட்லைட்டே ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் கார் டிவிஆர் கிரிஃபித் 400-ன் வட்டமான பின்விளக்குகள் முதல் தலைமுறை ஃபோர்டு கார்ட்டினாவினுடையவை. எந்தக் காரின் விளக்கு என்று தெரிந்துவிட்டால் நாடும் வருடமும் ஓரளவு பிடிபட்டுவிடும். நான்கு ஹெட்லைட்டும் ஜோடி ஜோடியாகச் சாய்ந்திருந்தால் கார்டன்-கீபிள் என்ற பிரிட்டிஷ் காரின் பெயரையும் மனதில் வையுங்கள், ஏறக்குறைய நூறு கார்தான் செய்தார்கள், சின்னத்தில் ஆமை இருக்கும்.

சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். மஞ்சள் ஹெட்லைட் கார் பிரான்சில் ஓடியதைக் காட்டலாமே தவிர அங்கே செய்ததைக் காட்டாது. பக்கவாட்டில் முன்னால் ஆரஞ்சு, பின்னால் சிவப்பு என்று சின்ன விளக்குகள் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போன, 1968 அல்லது அதற்குப் பிந்தைய கார். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் முன் நம்பர் பிளேட் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா பாருங்கள், இடவலமாகத் திருப்பிப் போட்ட படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அப்புறம், மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு நீண்டு தெரியும், அந்தப் படத்தை வைத்து நீள அகலத்தைக் கணிக்காதீர்கள்.

படத்தை வைத்து இணையத்தில் தேடுவதாக இருந்தால் முழுக் காரையும் போடாதீர்கள், அதே போல் இருக்கும் பிரபலமான கார்களே வந்து நிற்கும். பின்விளக்கை மட்டும் வெட்டித் தேடுங்கள், பிறகு கதவுக் கைப்பிடியை, பிறகு கடைசிப் பில்லர் (கூரையைத் தாங்கும் பின்தூண்) கூரையோடு சேரும் இடத்தை. மூன்றும் ஒரே காரைக் காட்டினால் பெயரைத் தைரியமாகச் சொல்லலாம். இரண்டு மட்டும் ஒத்துப்போனால், அதே பாடி கட்டியவர் வேறு யாருக்கெல்லாம் கட்டினார் என்று அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.