தறி வீட்டிலிருந்து தூக்க ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

என் அப்பா குமாரபாளையத்தில் ராத்திரி ஷிப்ட் விசைத்தறி ஓட்டியவர். பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், பக்கத்துப் பட்டறைச் சத்தத்தோடு படுப்பார். தூக்கத்தை ஆராய்வது ஒரு வேலை என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீடும் அப்படி என்றால் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம். உளவியல் படித்தவர்கள் யு.ஜி.சி. நெட், உயிர் அறிவியல் படித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். எனக்கு முதல் தொகை கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதனால் விடுதி உள்ள இடமாகப் பாருங்கள்.

அப்புறம் கைவேலை. தூங்குகிறவரின் தலையில் எலக்ட்ரோடு என்ற மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளை ராத்திரி முழுக்கப் பதிவு செய்வோம். அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் விழிப்பா, லேசான தூக்கம் முதல் ஆழ்ந்த தூக்கம் வரையான என்1, என்2, என்3 நிலைகளா, கனவு அதிகம் வரும் ரெம் தூக்கமா என்று குறிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். மூத்தவர் குறித்ததைப் பார்க்காமல் நீங்களே குறித்துவிட்டு ஒப்பிடுங்கள். என்1இல்தான் அதிகம் தடுமாறுவீர்கள்.

பதிவுக்கு வருகிறவரிடம், தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரும்படி முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு நிற்காது. ராத்திரி விழித்த மறுநாள் நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள்.

நம்மைப் போன்றவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது கேள்வித்தாளை. பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அளக்கும் எப்வொர்த் அளவுகோல் என்ற கேள்வித்தாள் 1991இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உட்கார்ந்து படிக்கும்போது, காரில் போகும்போது என்று 8 சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அசருமா என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தாண்டினால் தூக்கக் கலக்கம் அதிகம் என்று பொருள். அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் எங்க கண்ணு படிக்கறேன், காருக்கு எங்க போவேன்?" என்றார். அவருக்கு வந்தது 3. தறி நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) மாற்றும்போது கண் அசந்து விரலில் அடி வாங்கியவர் அவர்!

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் கேள்வியை நீங்களாக மாற்றிவிடாதீர்கள்; மாற்றினால் அந்த மதிப்பெண்ணை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆய்வகக் கூட்டத்தில் அதை வாசியுங்கள். ஆங்கிலம் திக்கினால் திக்கட்டும். நான் தமிழில்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த ஒன்றரைப் பக்கம்தான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாக வளர்ந்தது.