லைட்டு, ஒளி, விளக்கு: நம்ம பக்கம் அடிக்கடி சொதப்புற இடங்கள்

ராமேஸ்வரத்துலேருந்து ஏர்வாடி வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு வாங்க, பிளக்ஸ், சுவரெழுத்து, கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ் வண்டின்னு எங்கயாச்சும் "ஒளிபெருக்கி" கண்ணுல படாம போகாது. ஒலின்னா சத்தம், ஒளின்னா வெளிச்சம், ஒழின்னா இல்லாம பண்றது. நம்ம வாயில வாளப்பளம்னு தான் வரும், பேசுறப்ப அது ஒரு குத்தமே இல்ல, ஆனா காதுல விழுறத அப்படியே டைப் பண்ணும்போது தான் வம்பு. "மது ஒளிப்பு பேரணி"ன்னு பேனர் அடிச்சா சரக்க எங்க பதுக்குறதுன்னு சொல்லிக்குடுக்குற பேரணின்னு ஆயிரும், ஏன்னா ஒளிங்கிறதுக்கு மறைன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. "பிளாஸ்டிக் ஒளிப்பு"ம் இதே கதை தான், நம்ம கரையில ஒதுங்குற குப்பைய பாத்தா அதுதான் உண்மையோன்னு கூட தோணும்.

இதுலயே இன்னொண்ணு, ஒரே ஒரு ர் தான். நிலா மேகத்துக்கு பின்னாடி "ஒளிந்தது"ன்னா காணாம போச்சு, "ஒளிர்ந்தது"ன்னா பளிச்சுன்னு இருந்துச்சு. கவிதை எழுதுற தம்பிங்க இத கொஞ்சம் கவனிங்கப்பா. ரேடியோவுக்கு ஒலிபரப்பு, டிவிக்கு ஒளிபரப்பு. பாம்பன்ல மீனவர்களுக்குன்னே இருக்குற கடல் ஓசை 90.4 பண்றது ஒலிபரப்பு, இலங்கை வானொலிய தயவுசெஞ்சு வானொளி ஆக்காதீங்க.

அடுத்து இந்த லைட்டா. டீக்கடையில "அண்ணே ஒரு லைட் டீ"ன்னா டிக்காஷன் கம்மின்னு மாஸ்டருக்கு தெரியும், சக்கரை கம்மியா வேணும்னா அத தனியா சொல்லணும், சொல்லாம குடிச்சிட்டு இனிக்குதுன்னு சண்டை போடக்கூடாது. டீயோட போனா பரவால்ல, கடல்ல "காத்து லைட்டா தான் இருக்கு"ன்னு போன்ல சொல்றது வேற மாதிரி, விசைப்படகுல நிக்கிறவருக்கு லைட்டா இருக்குற காத்து வத்தையில, அதான் சின்ன நாட்டுப்படகுல, போறவருக்கு உசுரு போற காத்து. வடக்க இருந்து வர்ற வாடையா, மேக்க இருந்து வர்ற கச்சானா, எம்புட்டு வேகம்னு சொன்னா தான் கேக்குறவுகளுக்கு ஒரு முடிவு எடுக்க முடியும்.

துறைமுகத்துல ஏத்துற புயல் கூண்டயும் அப்படித்தான் படிக்கிறாங்க, 1-ம் நம்பர்னா லைட்டு, நம்பர் ஏற ஏற ஸ்ட்ராங்குன்னு. முழுசா சரியில்ல. 1 ஏத்துனா தூரக்கடல்ல ஒரு தாழ்வு உருவாயிருக்குன்னு அர்த்தம். 5, 6, 7 மூணுமே அபாயம் தான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமா கடக்கும்ங்கிறது தான் வித்தியாசம், 8, 9, 10 பெரிய அபாயம், அதுலயும் அதே கணக்கு. 11-னா தகவல் தொடர்பே அறுந்து போச்சுன்னு பொருள். ராத்திரில கூண்டு தெரியாதுல்ல, அதுக்கு பதிலா சிவப்பு வெள்ளை விளக்கு ஏத்துவாங்க.

"அங்க ஒரு லைட்டு தெரியுது"ன்னு சொல்றதும் அரைகுறை தான், என்ன கலர்னு சொல்லணும். படகோட இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, ரெண்டும் சேந்து தெரிஞ்சா அது நேரா நம்மள பாத்து வருது. அதனால அழகுக்குன்னு சிவப்பும் பச்சையுமா சீரியல் லைட்டு கட்டிக்கிட்டு ராத்திரி ஓடாதீங்க, எதிர்ல வர்றவன் எத நம்புவான்? லைட் பிஷிங்னா லைட்டா மீன் பிடிக்கிறதுன்னு வெளியூர்க்காரங்க நெனைச்சுக்கிறாங்க, அது எல்.ஈ.டி வெளிச்சத்துல மீன கூட்டி மொத்தமா அள்ளுறது, 2017 நவம்பர்லேருந்து ஒன்றிய அரசு தடை போட்டிருக்கு.

பாம்பன்லயும் கீழக்கரையிலயும் நிக்கிற கலங்கரை விளக்கத்துல வர்ற "கரை"ய கடற்கரைன்னு தான் பாதிப்பேரு நெனைக்கிறாங்க. காக்கா கரையுதுன்னு சொல்றோமே, அந்தக் கரை தான், கலத்த, அதாவது கப்பல, கூப்புடுற விளக்கு. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையிலயே "ஓடுகலம் கரையும் துறை"ன்னு வந்திருச்சு.

"பல ஒளியாண்டுகளுக்கு முன்னாடி"ன்னு எழுதுறத பாத்தா எனக்கு நெசமாவே கோவம் வரும். ஒளியாண்டு தூரம், காலம் இல்ல: வெளிச்சம் ஒரு வருசத்துல போற தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். தனுஷ்கோடி அழிஞ்சது 1964 டிசம்பர்ல, அது 60 வருசத்துக்கு முன்னாடி, 60 ஒளியாண்டுக்கு முன்னாடி இல்ல.

கடைசியா விளக்கு. திரியில எரியிறது, பாத்திரம் தேய்க்கிறது, புரியிற மாதிரி சொல்றது எல்லாத்துக்கும் இந்த ள தான். லைட்ட அமத்துன்னு சொல்லலாம், சாமி விளக்க மட்டும் குளிர வைன்னு சொல்லுங்க, அணைன்னு சொன்னா வீட்டு பெரியவுக மொறைப்பாக. ஆனா மதுவிலக்கு, வரிவிலக்கு, மெயின் ரோட்டுலேருந்து ஊருக்கு பிரியிற விலக்கு, இதுக்கெல்லாம் ல. ஊர் பேரோட "விளக்கு"ன்னு போர்டு வச்சிருக்குற நிறைய இடத்துல ராத்திரி ஒரு பல்பு கூட எரியாது.