ஆடிஷன் வைக்கும் கல்லூரியில் இடம் கிடைக்குமா? கணக்குப் போடுவதில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் நடிப்பு, இசை, நடனம், மியூசிக்கல் தியேட்டர் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் தேடுவது கல்லூரியின் சேர்க்கை விகிதத்தைத்தான். பொருளாதாரமோ வரலாறோ படிக்கப் போகிறவருக்கு அந்த எண் ஓரளவு உதவும். ஆடிஷன் வைக்கும் துறைக்கு அது அநேகமாக எதையுமே சொல்வதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்க்கிறது. அங்கேயே மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் நடனமும் கலந்த நாடகம்) வகுப்பில் உட்காருவது இருபது சொச்சம் பேர். நியூயார்க்கில் உள்ள ஜூலியார்ட் கலைக் கல்லூரியின் நடிப்புப் பிரிவில் இளநிலையும் முதுநிலையும் சேர்த்தே ஓர் ஆண்டு வகுப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, துறையில் எத்தனை இடம் என்று தெரிந்துவிட்டது. அதுவும் போதாது. அந்த இருபதுக்குள் உங்களுக்கு உரிய இடம் எத்தனை என்பதுதான் கேள்வி. ஒரு நாடக வகுப்பை எடுத்தால், ஒரே மாதிரி குரலும் தோற்றமும் உள்ள இருபது பேரை அவர்கள் சேர்க்க மாட்டார்கள். இசையில் இது இன்னும் வெளிப்படை. பிலடெல்பியாவில் உள்ள கர்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மொத்தமே சுமார் 160 மாணவர்கள்தான். பெரும்பாலும் இசைக்குழுவுக்கு எத்தனை வாத்தியக்காரர்கள் வேண்டுமோ அத்தனை பேர். படித்து முடித்து யாராவது வெளியே போனால்தான் அந்த வாத்தியத்துக்கு இடம் வரும். புல்லாங்குழல், பியானோ, சொப்ரானோ (பெண்களின் உச்சஸ்தாயி) குரல் ஆகியவற்றுக்குக் கூட்டம் எங்கேயும் அதிகம். வயோலா, பஸூன், டபுள் பேஸ் வாசிப்பவர்களைக் கல்லூரிகளே தேடுவதும் உண்டு.

ஆகவே போன வருஷம் உங்களைப் போலவே வாசித்த ஒருவருக்கு இடம் கிடைத்ததை வைத்து இந்த வருஷத்தைக் கணிக்காதீர்கள். அதற்குப் பதில் நேராகக் கேளுங்கள். வாத்தியம் வாசிப்பவராகவோ பாடுபவராகவோ இருந்தால், நீங்கள் படிக்க விரும்பும் ஆசிரியருக்கு ஆடிஷனுக்குப் பல மாதம் முன்பே எழுதி, ஒரு மாதிரி வகுப்பு கேட்கலாம். அடுத்த ஆண்டு அவருடைய ஸ்டூடியோவில், அதாவது அவரிடம் நேரடியாகப் படிக்கும் மாணவர் குழுவில், எத்தனை இடம் வரும் என்றும் கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் பலர் இதை எதிர்பார்க்கிறார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. எல்லாப் பாடத்திலும் முதலிடம், அதனால் நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். திறமை இருந்தால் மதிப்பெண்ணை யார் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடுபவர்கள் மறு பக்கம். தனி கன்சர்வேட்டரிகளில் (கலைப் பயிற்சிக்கென்றே இருக்கும் கல்லூரிகளில்) ஆடிஷன்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளி நாடகத்துக்குக் கலைத்திறனையும் படிப்பையும் சரிபாதியாகப் பார்க்கிறது. மிச்சிகனில் இரண்டிலும் தேற வேண்டும். ஆடிஷன் பிரமாதமாக நடந்தும் படிப்புப் பக்கத்தில் தடுக்கி விழலாம். எந்தக் கல்லூரியில் எது எவ்வளவு எடைபோடுகிறது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வது அலுப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்க முடியாது.

என் பார்வையில் மிக ஆபத்தானது ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு கல்லூரியில் 5 சதவீத வாய்ப்பு, அப்படியானால் 15 கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஒன்றிலாவது கிடைக்க 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று சிலர் கணக்கிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்வுகளுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இங்கே 15 இடத்திலும் நிற்பது அதே பிள்ளை, அதே இரண்டு பாட்டு, அதே மோனோலாக் (தனியாகப் பேசி நடிக்கும் வசனம்). தேர்ந்தெடுத்த பாட்டு குரலுக்குப் பொருந்தவில்லை என்றால் 15 இடத்திலும் பொருந்தாது. அதோடு, அந்த 5 சதவீதம் என்பது எல்லாருக்குமான சராசரி. தயாரிப்பில்லாமல் வந்தவர்களுக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், வேறு சிலருக்குப் பல மடங்கு இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டுவதை விட, ஆடிஷன் நடத்திப் பழக்கமுள்ள, உங்களோடு உறவோ நட்போ இல்லாத ஒருவரிடம் பாடிக் காட்டி மனம்விட்டுக் கருத்துக் கேட்பது எவ்வளவோ மேல். பள்ளி நாடகத்தில் கதாநாயகி வேஷம் கிடைத்தது அந்தக் கருத்துக்கு ஈடாகாது. நாட்டின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கதாநாயகி இருக்கிறாள், அவர்களில் பலர் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

அப்புறம், சைகைகளைப் படிக்க முயல்வது. ஆடிஷனுக்கு முன் முதல்கட்டத் தேர்வுக்காக அனுப்பும் ப்ரீஸ்கிரீன் காணொளியில் தேறினால் நேரில் ஆடிஷன் செய்ய அழைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆடிஷனில் பாதியில் நிறுத்தினால் இடம் இல்லை என்றும் அர்த்தமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருக்கலாம், நேரமும் குறைவு. நடுவர் சிரித்ததையும் சிரிக்காததையும் வைத்து வீட்டில் உட்கார்ந்து மனம் குழம்ப வேண்டாம்.

பட்டியல் போடும்போது பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற நாடகப் பள்ளி பட்ட மேற்படிப்புக்கானது. பள்ளி முடித்து யேலில் சேர்பவர் படிப்பது யேல் கல்லூரியில்; அங்கே நாடகம் படிக்க ஆடிஷன் இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையும் ஆடிஷன் இல்லாமலே சேர்க்கிறது, ஆனால் பல்கலைக்கழகத்தில் நுழைவதே கடினம். இரண்டையுமே எளிதான மாற்று வழி என்று எழுதிவைக்காதீர்கள். உண்மையான பாதுகாப்பு இடம் என்பது ஆடிஷன் இல்லாத, உங்கள் மதிப்பெண்ணுக்குத் தாராளமாகக் கிடைக்கக்கூடிய, செலவையும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு பி.ஏ. படிப்பு. பி.எம். (பேச்சிலர் ஆஃப் மியூசிக்) போன்ற தொழில்முறை இசைப் பட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இசையே இருக்கும், பி.ஏ.வில் அது பாதிக்கும் குறைவு. மேடை ஏற வாய்ப்பு அங்கே எவ்வளவு, துறை மாணவர் அல்லாதவர்களும் நாடகங்களுக்கு ஆடிஷன் செய்யலாமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் எத்தனையாவது ஆள் என்று கேட்டுப் பயனில்லை. டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) ஒருவர் வரவில்லை என்றால் இன்னொரு டெனரைத்தான் அழைப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகள் மே 1க்குள் பதில் கேட்கின்றன. அந்தத் தேதிக்குள் கையில் இருக்கும் ஓர் இடத்தை உறுதி செய்துவிட்டு, பிறகு காத்திருங்கள்.